ராஜ்மா வயலில் குனிந்த டோலி

வாக்குமூலம் தருபவர்: சதேஸ்வரி தேவி, வயது 47, காலஞ்சென்ற குந்தன் சிங் ராவத்தின் மனைவி. தொழில்: விவசாயம், யாத்திரை மாதங்களில் தேநீர்க் கடை. இருப்பிடம்: கைண்டி கிராமம், பர்ணேஸ்வர் மலைப்பாதையின் அடிவாரம், கட்வால். பிறந்த ஊர்: சில்யாணா.

நான் மேலே கண்ட முகவரியில் கல்யாணமாகி வந்த நாள் முதல் குடியிருந்து வருகிறேன். என் கணவர் பர்ணேஸ்வர் கோயிலுக்கு யாத்ரீகர்களைக் கோவேறு கழுதையில் ஏற்றிக்கொண்டு போய் வருகிறவராக இருந்தார். ஆறு பொங்கி வந்த வருடம் அவர் கழுதைகளோடு போய்விட்டார். உடல் கிடைக்கவில்லை. அதே வெள்ளம் எங்கள் வயலை மணலாலும் கல்லாலும் மூடிவிட்டது. அதன் பிறகு நான் முதுகுக் கூடையில் மணலை அள்ளி ஆற்றில் கொட்டி, காட்டுக்குள்ளிருந்து மண் சுமந்து வந்து பரப்பி, கல் அடுக்கி வரப்பு கட்டி, அந்த வயலைத் திரும்ப வயலாக்கினேன். இப்போது அதில் ராஜ்மாவும் உருளைக்கிழங்கும் போடுகிறேன். வயலின் மேல் ஓரத்தில் ஊற்று இருக்கிறது. அதை ஒட்டித்தான் தேநீர்க் கடை. எனக்குச் சோறு போடுவது இந்த ஒரு வயல்தான், வேறு சொத்து கிடையாது.

என் உடன்பிறந்த தம்பி தர்வான் சிங் பிஷ்ட், வயது 41, சில்யாணாவில் வசிப்பவன், என் மீது கொடுத்துள்ள புகாரில், நான் நாகுலி தேவியின் டோலியை வழிமறித்து, தேவியை அவமதித்து, வெள்ளிக் குடையை உடைத்து, அவனைக் கீழே தள்ளிக் காறை எலும்பை முறித்ததாகச் சொல்லியிருக்கிறான். அந்தப் புகாரை எனக்குப் படித்துக் காட்டினார்கள். கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிந்தது. வயிறு எரிந்தது என்பதெல்லாம் வாக்குமூலத்தில் வேண்டாம் என்று துணை ஆய்வாளர் நௌடியால் சொன்னார். எழுதுங்கள் என்றேன், எழுதினார்.

நாகுலி தேவி என் பிறந்த ஊரின் தேவி. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அவள் ஊர்ப் பெண், மேலே பர்ணேஸ்வரில் இருக்கிற சிவனுக்குக் கட்டிக்கொடுத்த பெண். பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை அவளை டோலி என்கிற சின்னப் பல்லக்கில் ஏற்றி, வழியில் உள்ள கோயில்களையெல்லாம் தரிசிக்க வைத்து, மலை ஏற்றி, புருஷன் வீட்டில் விட்டு, சில நாள் கழித்துக் கூட்டி வருவார்கள். டோலிக்கு இரண்டு நீளத் தண்டுகள் உண்டு. முன்னால் ஒருவனும் பின்னால் ஒருவனும் தண்டுகளுக்கு நடுவில் நின்று இரண்டு தோளிலும் தாங்கிக்கொள்வார்கள். செருப்புப் போட மாட்டார்கள், வண்டியில் ஏற மாட்டார்கள். தூக்குகிறவன் நடப்பதில்லை, தேவிதான் அவனை நடத்துகிறாள் என்பது எங்கள் நம்பிக்கை. கேள்வி கேட்டால் டோலி முன்னால் குனிந்தால் ஆமாம், பின்வாங்கினால் இல்லை. வரப்புத் தகராறு, பெண் பார்ப்பது, காணாமல் போன மாடு, எல்லாவற்றுக்கும் இதுதான் தீர்ப்பு. ஏதாவது ஒரு நிலத்தில் டோலி குனிந்து முன் தண்டு மண்ணைத் தொட்டுவிட்டால் அந்த நிலத்தைத் தேவி கேட்கிறாள் என்று பொருள். அதன் பிறகு அதில் யாரும் ஏர் பூட்ட மாட்டார்கள். நிலம் டோலிக் குழுவின் பொறுப்புக்குப் போய்விடும். குழு அதை யாருக்கு வேண்டுமானாலும் குத்தகைக்கு விடலாம். நான் இதையெல்லாம் நம்பி வளர்ந்தவள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. சில்யாணாவிலிருந்து கட்டிக்கொடுக்கப்பட்ட பெண்களைத் தியாணி என்போம். போகிற வழியில் எந்த வீட்டில் தியாணி இருக்கிறாளோ அந்த வாசலில் டோலி நின்றே ஆக வேண்டும். நாகுலியும் ஒரு தியாணிதான். எங்களுக்கு அவள் அக்கா முறை. புருஷன் வீட்டுக்குப் போகிற அக்காவுக்கு நாங்கள் அரசா சுட்டு, வெள்ளரிக்காய் வைத்து, வளையலும் சேலையும் கொடுத்து அனுப்புவோம். அரசா என்பது அரிசி மாவும் வெல்லமும் சேர்த்துக் கடுகெண்ணெயில் சுடுகிற பலகாரம். அவள் எங்கள் கையால் வாங்கிக்கொள்ளாமல் ஓர் அடி நகர மாட்டாள். வேறு எந்தக் கேள்வியும் அதற்குப் பிறகுதான்.

டேராடூனைச் சேர்ந்த லலித் சோப்டா என்பவர் போன வருடத்திலிருந்து என் வயலைக் கேட்டு வருகிறார். அங்கே ஹெலிகாப்டர் இறங்க ஒரு தளமும், யாத்ரீகர்கள் தங்கக் கூடாரங்களும் போட வேண்டும் என்றார். நடந்து ஏற முடியாதவர்களுக்குத் தரிசனம் கிடைக்க நான் உதவி செய்ததாக இருக்குமாம், புண்ணியமாம். என்னை மாதாஜி மாதாஜி என்று வாய் நிறையக் கூப்பிட்டார். எனக்கு வயல் இருந்தால் போதும், புண்ணியத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். மறுபடி வந்தார், மறுபடி அதையே சொன்னேன்.

அதன் பிறகு மழை தொடங்கிய சமயம் என் தம்பி தர்வான் சிங் என் வீட்டுக்கு வந்தான். அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு, “அக்கா, வருஷம் பூரா குனிஞ்சு குனிஞ்சு நீ என்னத்தக் கண்ட? ராஜ்மாவும் உருளையும். ஒரு கையெழுத்துப் போடு, ரோட்டு மேல கடை வச்சுத் தர்றேங்கிறாரு சோப்டா” என்றான்.

“எனக்குக் கடை. உனக்கு?” என்று கேட்டேன்.

“எனக்கென்ன, சும்மா ஒரு வேலை. சூப்பர்வைசர்.”

“என் வயலுக்கு நீ சூப்பர்வைசராடா? வந்த வழியே போயிரு. இல்ல, காஞ்சொறியப் புடுங்கி முதுகுல விளாசிருவேன்.”

அவன் சிரித்தான். கேழ்வரகு ரொட்டியும் நெய்யும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். வாசல்படி இறங்கும்போது, “நான் சொன்னா கேக்க மாட்ட. தேவி வர்றாள்ல, அவ சொன்னா கேப்பியா?” என்று கேட்டான். அவ சொன்னா கேக்காம இருப்பேனா என்றேன். விளையாட்டுக்குக் கேட்கிறான் என்றுதான் நினைத்தேன். அவன் நடை பழகிய காலத்தில் என் முதுகில் கட்டிக்கொண்டு புல் அறுக்கப் போனவள் நான். அவன் மனதில் இப்படி ஒன்று ஓடும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

சம்பவம் நடந்த அன்று டோலி எங்கள் ஊர் வழியாக மலை ஏறப் போகிறது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். நான் விடியற்காலையில் எழுந்து முற்றத்தைச் செம்மண்ணாலும் சாணத்தாலும் மெழுகினேன். அதன் பிறகு தண்ணீர் எடுக்க ஊற்றுக்குப் போனேன். அப்போது வயலுக்கு நடுவில் ராஜ்மாக் கொடிகள் ஒதுக்கப்பட்டு, சுண்ணாம்புப் பொடியால் ஒரு வட்டம் போட்டிருப்பதைப் பார்த்தேன். மின்கம்பம் நட அளக்க வந்தவர்கள் போட்டிருப்பார்கள், டோலி போன பிறகு அவர்களைப் பிடித்துக் கேட்கலாம் என்று விட்டுவிட்டேன். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது.

அதன் பிறகு என் சித்தப்பா மகள் பீராவும், பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்ட குசுமாவும் வந்து சேர்ந்தார்கள். இருவரும் சில்யாணாப் பெண்கள். மூன்று பேரும் தட்டு ஏந்தி வாசலில் நின்றோம். மழை விட்டு வெயில் வந்திருந்தது. முதலில் கொம்புச் சத்தம் கேட்டது, பிறகு மேளம், அதன் பிறகு டோலி வளைவில் தெரிந்தது. டோலிக்கு மேல் இதுவரை நாங்கள் பார்த்திராத ஒரு வெள்ளிக் குடை பளபளவென்று ஆடியது. முன் தண்டில் என் தம்பி இருந்தான். குசுமா அப்போதே அழ ஆரம்பித்துவிட்டாள், நானும் அழுதேன். பன்னிரண்டு வருடம் கழித்துப் பிறந்த ஊர்த் தேவியைப் பார்க்கிற அழுகை அது.

டோலி என் வாசலுக்கு வந்தது. நிற்கவில்லை. நான் தட்டை நீட்டியபடியே நிற்க, என் தம்பி என் முகத்தைப் பார்க்காமல் என்னைத் தாண்டிப் போனான். பீரா என் கையைப் பிடித்து, “அக்கா, என்னக்கா இது, வாசல்ல நிக்காம போறா?” என்றாள். நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன், தேவி என் மேல் கோபமாக இருக்கிறாள் என்று நினைத்தேன். தட்டோடு பின்னாலேயே ஓடினேன்.

டோலி படி இறங்கி நேரே என் வயலுக்குள் போனது. காய் பிடித்திருந்த கொடிகளை மிதித்துக்கொண்டு நடுவில் போய்ச் சுற்றியது. அதன் பிறகு முன்னால் குனிந்து, முன் தண்டு மண்ணைத் தொட்டது. எந்த இடத்தில் தொட்டது என்றால் காலையில் நான் பார்த்த சுண்ணாம்பு வட்டத்துக்குள் தொட்டது. தண்டின் நுனியில் சுண்ணாம்பு ஒட்டியிருந்ததை நானும் பீராவும் குசுமாவும் பார்த்தோம். இன்றும் ஒட்டியிருக்கிறது, போலீஸ் வந்து பார்க்கலாம்.

உடனே சாமியாடி கல்யாண் சிங் உடம்பை உதறிக்கொண்டு, இந்த மண் எனக்கு வேண்டும் என்று கத்தினார். இவர்தான் டோலிக் குழுவின் தலைவரும். கூட்டம் ஜெய் போட்டது. அப்போது வயல் வரப்பில் லலித் சோப்டா நிற்பதைக் கண்டேன். அவர் டோலியோடு வந்தவர் அல்ல, முன்கூட்டியே வந்து நின்றவர். தேவி முன்னால் செருப்பு ஆகாது என்று அவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு வெள்ளைக் காலுறையோடு நின்று கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புத்தி வேலை செய்தது. என் வாசலில் நிற்காமல் நாகுலி போக மாட்டாள். அவள் தியாணி, இன்னொரு தியாணியின் சோற்றைத் தாண்டிப் போக அவளுக்கு மனம் வராது. போனவள் அவள் இல்லை. வேலையைச் சீக்கிரம் முடிக்கிற அவசரத்தில் என் தம்பி வாசலை மறந்துவிட்டான்.

எனக்கு அப்போது வந்த கோபம் வயலுக்காக மட்டும் வந்தது என்று எழுத வேண்டாம். வயலுக்காகவும்தான். ஆனால் எங்கள் வீட்டுப் பெண்ணைத் தரகு வேலைக்கு நடக்க வைத்துவிட்டார்களே என்றுதான் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

அதன் பிறகு நான் தட்டைப் பீராவிடம் கொடுத்துவிட்டு, சாமியாடி கல்யாண் சிங்கிடம் போய், “தோள் மாத்துங்க மாமா. ஆள மாத்திட்டு மறுபடி கேளுங்க” என்றேன்.

“தேவி ஒரு தடவைதான் சொல்லுவா” என்றார்.

“உங்க மாட்டுக்கொட்டாய் வரப்பு விவகாரத்துல மூணு தடவை கேட்டீங்களே, முதல் ரெண்டும் உங்களுக்குப் புடிக்கலன்னு?”

கூட்டத்தில் பலர் சிரித்தார்கள். அவர் முகம் கறுத்துப்போய், “தேவிகிட்டயே பேரம் பேசுறியா? தாலியறுத்தவளுக்கு வாயப் பாரு” என்றார்.

என் தம்பியின் எதிரில் போய் நின்றேன். “தர்வான், தண்டு மேல கைய வை. வச்சுட்டு, இழுத்தது தேவி, என் தோள் இல்லன்னு சொல்லு. சொல்லிட்டீன்னா இன்னைக்கே வயல எழுதிக் குடுத்துட்டு நான் வெளிய போயிர்றேன்” என்றேன்.

சில்யாணாவில் தண்டின் மேல் கை வைத்து எவனும் பொய் சொல்ல மாட்டான். குடிகாரன்கூடச் சொல்ல மாட்டான். என் தம்பியும் அந்த ஊர்க்காரன்தான்.

“அக்கா, ஊரே பாக்குது” என்றான்.

“பாக்கட்டும். கைய வை.”

“பேசாம போக்கா. மழை வந்துரும், மலை ஏறணும்.”

“கைய வைடா.”

அவன் கை வைக்கவில்லை. திரும்பி லலித் சோப்டாவைப் பார்த்தான். அவ்வளவுதான். அதற்கு மேல் எனக்கு எந்தச் சாட்சியும் தேவைப்படவில்லை. நான் இரண்டு கையாலும் முன் தண்டைப் பிடித்தேன். பெண்கள் டோலித் தண்டைத் தொடக் கூடாது என்பது எனக்குத் தெரியும், தெரிந்துதான் பிடித்தேன். தர்வான் என்னை முழங்கையால் இடித்தான். நான் விடவில்லை. அவன் மறுபடி இடிக்கத் திரும்பியபோது நசுங்கிக் கிடந்த ராஜ்மாக் கொடியில் கால் வழுக்கி, தண்டுகளுக்கு அடியில் உருண்டு, வரப்பைத் தாண்டிக் கீழ் வயலில் விழுந்தான். நான் அவனைத் தள்ளவில்லை. தள்ளியிருந்தால் தள்ளினேன் என்று சொல்லியிருப்பேன். வரப்பு ஓரத்தில், பட்டால் உடம்பெல்லாம் அரிக்கிற காஞ்சொறிப் புதர் இருந்தது. அதிலும் பட்டுத்தான் விழுந்தான், அதை மட்டும் புகாரில் காணோம்.

டோலி முன்பக்கம் சாய்ந்தது. நான் தண்டுகளுக்கு நடுவில் புகுந்து தோளைக் கொடுத்தேன். என் ஒருத்தியால் தாங்க முடியவில்லை. பீரா தட்டை வைத்துவிட்டு ஓடிவந்து இடப்பக்கம் தோள் கொடுத்தாள், குசுமா வலப்பக்கம் கொடுத்தாள். வெள்ளிக் குடை கழன்று கல்லில் விழுந்து நசுங்கியது. அதன் விளிம்பில் லலித் சோப்டாவின் பெயர் பொறித்திருந்தது. தேவியின் துணியில் ஒரு நூல்கூட மண்ணில் படவில்லை. பின் தண்டில் இருந்த எங்கள் ஊர்ப் பையன் பயந்துபோய் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். “நின்னா எப்படி? நட” என்று பீரா அதட்டினாள். அவன் நடந்தான்.

மேளம் நின்றுவிட்டது. அடிக்காதே என்று கல்யாண் சிங் மேளக்காரர் மோலு தாஸைப் பார்த்துக் கத்தினார். மோலு தாஸ் எங்கள் ஊர் மேளக்காரர், தேவி முன்னால் தலை நிமிர்ந்து பேசி நான் பார்த்ததில்லை. அவர், “டோலி எந்திரிச்சா நான் அடிக்கணும். தோள் யாருதுன்னு பாக்குறது என் வேலையில்ல” என்று சொல்லிவிட்டு அடிக்கத் தொடங்கினார்.

அதன் பிறகு நாங்கள் டோலியைப் படியேற்றி என் முற்றத்துக்குக் கொண்டுவந்து, என் வாசலைப் பார்த்துத் திருப்பி நிறுத்தினோம். நான் அரசாவும் வெள்ளரியும் வைத்து, வளையல் மாட்டி, சேலையைப் போர்த்தினேன். பீராவும் குசுமாவும் அவர்கள் கொண்டுவந்ததைக் கொடுத்தார்கள். டோலியை மணைமேல் இறக்கி வைத்தோம். லலித் சோப்டா தன் பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு ஏறிப் போய்விட்டதாக மற்றவர்கள் சொன்னார்கள், நான் பார்க்கவில்லை. தர்வானை நாலு பேர் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார்கள்.

அன்றிலிருந்து டோலி என் முற்றத்தில்தான் இருக்கிறது. பெண்கள் தொட்டுத் தீட்டாகிவிட்டது, நான் எல்லார் முன்னாலும் விழுந்து மன்னிப்புக் கேட்டு, வயலைக் கொடுத்தால்தான் தூக்குவோம் என்று டோலிக் குழு சொல்கிறது. யாத்திரைக்கு வந்த ஜனங்கள் என் கடையிலும் மாட்டுக்கொட்டகையிலும் படுத்திருக்கிறார்கள். கல்யாண் சிங்கும் அதே கொட்டகையில்தான் படுத்திருக்கிறார். என் கையால்தான் டீ குடிக்கிறார். தீட்டு டீயில் ஒட்டாது போலிருக்கிறது.

நேற்று தர்வானின் மனைவி ருக்மா என்னிடம் வந்தாள். “அண்ணி, அவரு புகாரை வாபஸ் வாங்கிக்கிறாராம். நீங்களும் இத்தோட விட்ருவீங்களாம்” என்றாள்.

“தண்டு மேல கை வைக்கச் சொன்னேனே, அதுக்கு என்ன சொன்னான்?” என்று கேட்டேன்.

“செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு.”

நான் அவளுக்குச் சோறு போட்டு, அவனுக்குக் குதிரைவாலிக் கஞ்சி கொடுத்தனுப்பினேன். உடம்புக்கு முடியாமல் படுத்தால் அவனால் கெட்டியாக எதுவும் சாப்பிட முடியாது, சின்ன வயதிலிருந்து அப்படித்தான். கஞ்சி கொடுத்தேன் என்பதற்காக அவனை விட்டுவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். புகாரை வாபஸ் வாங்க வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினேன். வாபஸ் வாங்கினால் பேச்சு முடிந்துவிடும், டோலி குனிந்தது தேவி நிலத்தைக் கேட்டதாகவே நின்றுவிடும்.

இந்த வாக்குமூலத்தை எழுதத் தொடங்கும் முன் துணை ஆய்வாளர் நௌடியால் எனக்கு நல்லது நினைத்து ஒரு யோசனை சொன்னார். அவரும் இந்த மலைக்காரர்தான். “அக்கா, ஒரே ஒரு வரி. தேவி எம்மேல வந்துட்டா, என்ன செஞ்சேன்னு எனக்கே ஞாபகமில்லன்னு சொல்லிருங்க. கேஸே நிக்காது. அவங்களும் மறுபேச்சுப் பேச முடியாது, டோலியத் தூக்கிட்டுப் போயிருவாங்க. உங்க வயலும் தப்பிச்சிரும்” என்றார். அது உண்மைதான். அப்படிச் சொன்னால் கல்யாண் சிங்கே என் காலில் விழுவார்.

நான் மறுத்துவிட்டேன். என் மேல் யாரும் வரவில்லை. நான் குடித்திருக்கவில்லை, மயக்கத்தில் இல்லை. என் சொந்தக் கோபத்தில் என் சொந்தக் கையால் தண்டைப் பிடித்தேன். எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. தேவி பேரைச் சொல்லி அவர்கள் வயலை எடுக்கப் பார்த்தார்கள். அதே பேரைச் சொல்லி நான் அதைக் காப்பாற்றிக்கொண்டால் எனக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

நாளைக் காலையில் குழு தூக்காவிட்டால் நாங்கள் தூக்கப் போகிறோம். செய்தி கேட்டு மேலும் பல தியாணிகள் வந்திருக்கிறார்கள். அவளைப் பர்ணேஸ்வரில் அவள் புருஷன் வாசலில் விட்டுவிட்டு வருகிறேன். கைது செய்வதானால் இறங்கி வந்த பிறகு செய்யட்டும், நான் எங்கும் ஓட மாட்டேன்.

கடைசியாக, வயலிலிருந்து டோலி உங்கள் வாசலைப் பார்த்துத் திரும்பியதே, அதைத் திருப்பியது யார் என்று துணை ஆய்வாளர் என்னிடம் கேட்டார். இந்தக் கேள்விக்கு மட்டும் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் சொன்னேன். தண்டு என் தோளில் ஏறியபோது அவள் என்னை இழுப்பாள் என்று நான் காத்திருந்தேன். சின்ன வயதிலிருந்து கேட்டுக்கேட்டு, ஒரு முறையாவது அந்த இழுப்பு எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டவள் நான். தோளில் கனம் இருந்தது. இழுப்பு இல்லை. படியில் நின்று இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தேன், அப்போதும் இல்லை. அதன் பிறகு நான் பீராவைப் பார்த்தேன், அவள் குசுமாவைப் பார்த்தாள், மூன்று பேரும் சேர்ந்து டோலியை வாசல் பக்கம் திருப்பினோம். திருப்பியது நாங்கள்தான், தேவி இல்லை. இதைச் சொன்ன பிறகு என் பிறந்த ஊரில் எனக்கு ஒரு வாய் தண்ணீர் கிடைக்குமா என்று தெரியாது. என் தோள் செய்ததை நான் சொல்லிவிட்டேன். அவன் தோள் செய்ததை அவன் சொல்லட்டும்.

மேலே எழுதியிருப்பதை எனக்கு வரிவரியாக வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னது சொன்னபடி இருக்கிறது, நான் சொல்லாதது எதுவும் இதில் இல்லை. மிரட்டியோ ஆசை காட்டியோ யாரும் இதை என்னிடம் வாங்கவில்லை. எனக்கு எழுதத் தெரியும் என்பதால் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்)
சதேஸ்வரி தேவி

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது,
நௌடியால், துணை ஆய்வாளர்